வட்டக்களரி ஏன் வட்டமாக இருக்கிறது?

வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால், கண்ணகி வழக்குரை படிக்க யாரும் மண்டபம் தேடுவதில்லை. கோயிலிலேயே படிக்கிறார்கள். குளிர்த்திச் சடங்கும் அங்கேதான். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிப் போகும் வீதியோர ஊர்களில் எந்தக் கலைக்கு எந்த இடம் என்பது பெரும்பாலும் முன்பே முடிவான சங்கதி. கொம்புமுறிக்கு வெட்டை போதும். வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி இழுக்கிறவர்களுக்கு மேடை எதற்கு? அக்கரைப்பற்றுக்கு வடக்கே கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும் நாட்களில், பக்கீர்மாரின் பைத்துக்கும் றாத்தீபுக்கும் கடற்கரைப் பள்ளிவாசலே இடம்.

தனக்கென்று அரங்கு கட்டிக்கொண்டது கூத்து. அந்த அரங்குதான் வட்டக்களரி.

கோயில் முன்றலிலோ ஊர் வெட்டையிலோ மண்ணைக் கொட்டி, வட்டமாகச் சற்று உயர்த்துவார்கள். சுற்றிவரக் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டி, குருத்தோலையால் சோடிப்பார்கள். முன்பு பந்தமும் எண்ணெய் விளக்கும் எரிந்தன, பின்னர் பெற்றோமக்ஸ் வந்தது, இப்போது மின்குமிழ். சனம் நாலு பக்கமும் பாய் விரித்து இருக்கும். வேடம் கட்டும் கொட்டில் தள்ளி இருப்பதால், அரசன் ஆனாலும் அரக்கன் ஆனாலும் சனத்தைக் கடந்துதான் களரி ஏற வேண்டும்.

முக்கியமான இடம் நடுவில் இருக்கிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு அங்கே நிற்பார். தாளக்காரரும் பக்கப்பாட்டுக்காரரும் அவரோடு. கூத்தர் அவர்களைச் சுற்றி ஆட வேண்டும். கூத்து வடமோடி வகையானாலும் தென்மோடி வகையானாலும் ஆட்டக் கோலங்கள் இந்த வட்டத்துக்கென்றே அமைந்தவை. ஒரு பக்கத்துக்கு முகம் காட்டினால் மறுபக்கத்துக்கு முதுகு. ஆகவே ஓரிடத்தில் நின்று பாட முடியாது. எல்லாப் பக்கத்துக்கும் போக வேண்டும். கூத்தர் பாடிய அடியைப் பக்கப்பாட்டுக்காரர் திருப்பிப் பாடும்போது, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் பாட்டு கடைசிப் பாய்வரை போனது, கூத்தருக்கு மூச்சுவிடவும் இடைவெளி கிடைத்தது. கூத்து ஏன் விடிய விடிய நீள்கிறது என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மீதிப் பாதி, நடுச்சாமத்தில் கச்சான் கொறித்துக்கொண்டு, தூங்கி எழுந்து, மறுபடி பார்க்கும் சனத்திடம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். ‘கர்ணன் போர்’ 1962 இல், ‘இராவணேசன்’ 1964 இல் மேடையேறின. மண்டப மேடைக்கு மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம்தான் சனம். மத்தளமும் பாட்டும் நடுவை விட்டு ஓரத்துக்கு நகர்ந்தன. இரவு முழுவதும் ஆடும் கதை ஒன்றரை மணித்தியாலமளவில் சுருங்கியது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்புக் கூத்துகளைப் பற்றி ஆராய்ந்து, நூலும் எழுதினார். கூத்தை அதுவரை கண்டிராத நகரத்துச் சனத்துக்கு அதன் மதிப்பைக் காட்டியது அந்த மேடைதான். ஆனால் வட்டத்தில் சுழன்றவர் மேடையில் நீளவாக்கில் நடக்கத் தொடங்கினார். இதைச் சின்ன மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் வேறு வழி பார்த்தார்கள். கூத்தை ஊரிலேயே, களரியிலேயே வைத்துக்கொண்டு, கதையையும் பாத்திரங்களையும் ஊராரோடு பேசித் திருத்துவது அவர்களின் முறை. அங்கே களரி அப்படியே இருந்தது, உள்ளே ஆடப்படுவது மாறியது.

இடம் மாறும் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் விழா 1970 இல் காங்கோ சதுக்கத்தில் தொடங்கியது. ஒருகாலத்தில் அடிமைப்பட்ட ஆபிரிக்க மக்கள் ஞாயிறுகளில் கூடி மேளமடித்து ஆடிய இடம் அது. சனம் பெருகவே 1972 இல் விழா குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனது, இன்றும் அங்கேதான் நடக்கிறது. பெரிய திடல் கிடைத்ததால் வாத்தியக்காரருக்கும் கேட்பவருக்கும் நடுவில் வேலியும் தூரமும் வந்து சேர்ந்தன.

இன்று பிரதேச இலக்கிய விழாக்களில் கூத்துக்கும் களிகம்புக்கும் கிடைப்பது பெரும்பாலும் மண்டப மேடையும் சில நிமிடங்களும். களிகம்பும் வட்டமாகச் சுற்றி அடிக்கும் ஆட்டம். மேடையில் பின்வரிசைக்காரரின் கம்பு யாருக்குத் தெரியும்? மண்டபத்துக்கு வெளியே பாடசாலை மைதானம் இருக்குமானால், ஏற்பாட்டாளர்கள் கதிரைகளை அங்கே வட்டமாகப் போட்டுப் பார்க்கலாம். களரிக்கு இரண்டு பெட்டி மண், நாலைந்து கம்பு, கொஞ்சம் குருத்தோலை போதும். சிறப்பு விருந்தினரின் முன்வரிசை மட்டும்தான் சிக்கல். வட்டத்தில் அப்படி ஒரு வரிசை கிடையாது.