நாற்று நடும் கையும் நம்ம மனசும்



அடுப்பில் உலை கொதிக்கிறது. கை அரிசி களைகிறது. மனசு மட்டும் நாளைக்குக் கட்ட வேண்டிய தவணையிலோ, நேற்று யாரோ சொன்ன சுடுசொல்லிலோ நிற்கிறது. நம்மில் பலருக்கும் இது தினமும் நடப்பதுதான். ஆனால் இப்படியே நீடித்தால் தூக்கம் கெடும், சோறு இறங்காது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தார்கள். நம்பிக் குறுவை வைத்தோம். பிறகு தண்ணீர் போதாமல் டெல்டாவில் பல இடங்களில் பயிர் காய்ந்தது. அப்போது ஒரு குழு உறுப்பினர் தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்தோம். "நாந்தான் துப்புக் கெட்டவ. சந்தா கட்ட வக்கில்லாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?" என்று அழுதார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தது அவர் செய்த தப்பா? நடவு மெஷின் வந்து கூலி நாட்கள் குறைந்தது அவர் தப்பா? கஷ்டம் ஒரு பக்கம் இருக்க, தன்னைத்தானே திட்டிக்கொள்வது இன்னொரு சுமை. இந்த இரண்டாவது சுமையை நம்மால் இறக்கி வைக்க முடியும்.

நடவு வயலே பாடம்

நடும்போது இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, மேலாக வைத்து, பின்னால் நகர்கிறோம். கவனம் தப்பி ஆழமாக அழுத்தினால் பயிர் தூர் கட்டத் தாமதமாகும். அதனால் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சேற்றின் குளிர்ச்சி, இடுப்பு வலி, பக்கத்தில் நடுபவரின் பாட்டு எல்லாம் தெரிகிறது. இப்படி, செய்கிற வேலையிலேயே மனசை வைப்பதுதான் மனக்கவனம். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் தீராத வலி உள்ள நோயாளிகளுக்கு இதையே ஒரு பயிற்சியாக்கினார்.

நாம் என்ன செய்யலாம்?

1. காலையில் அடுப்புப் பற்ற வைக்கும் முன் 10 முறை மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூப்பிடுங்கள். ஓடத்தான் செய்யும்.

2. பாத்திரம் கழுவுவதோ, கோலம் போடுவதோ, தினம் ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்யுங்கள்.

3. "எனக்கு ஒண்ணும் வராது" என்று தோன்றினால், "இந்த மாதம் முடியவில்லை" என்று மாற்றிச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

4. கூட்டம் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லட்டும். யாரும் புத்தி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

ஏற்பது வேறு, சகிப்பது வேறு

நம்மை நாமே ஏற்றுக்கொள்வது என்றால் அடியையும் வசவையும் பொறுத்துப் போவது அல்ல. வீட்டில் கொடுமை நடந்தால் 181-க்குப் போன் செய்யுங்கள். பல நாள் தூக்கமில்லை, உயிர் எதற்கு என்று தோன்றுகிறது என்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தவணைச் சுமை என்றால் மறைக்காமல் குழுவில் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரி அடுத்த கூட்டத்துக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். "இதுக்கா வராம இருந்த?" என்று பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாத அவகாசம் என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் குழுவிலும் இரண்டு கூட்டமாக வராதவர் யாராவது இருக்கிறாரா? சந்தாவைக் கேட்பதற்கு முன், "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியை நம்மிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.