பசியாறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்

மலேசியத் தமிழர்கள் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்கிறோம். எந்த வேளை சாப்பிட்டாலும் பசி ஆறத்தான் செய்யும். இருந்தும் காலை உணவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இரவு முழுதும் வெறுமையாகக் கிடந்த வயிற்றுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பதால் இருக்கலாம். ஆனால் இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பசியாறிவிட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள்?

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களை எடுத்துக்கொள்வோம். பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல இன்னமும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம்தான் இல்லை. ரப்பர் மரங்கள் செம்பனையாக மாறின, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் வேன் ஏறி அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி ஏழரை மணிக்குத் தொடங்குகிறது என்றால், வேன் பல வீடுகளை ஏறி இறங்கிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டியிருப்பதால், முதலில் ஏறும் பிள்ளை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் சாப்பாடு இறங்காது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலை பத்து மணி ஓய்வு நேரத்தில்தான் மறுபடியும் வாயில் ஏதாவது போடுகிறது. பதினான்கு மணி நேரம்! இடையில் கணிதப் பாடம் நடந்து முடிந்திருக்கும்.

இதை வறுமைப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை உடையவர்கள் அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். ஒரே வகுப்பில் ஒரு மேசையில் குள்ளமான பிள்ளையும் அடுத்த மேசையில் பருத்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கின்றன. சில நேரம் குள்ளமும் பருமனும் ஒரே பிள்ளையிடம் இருப்பதுண்டு. மாவும் சர்க்கரையும் எண்ணெயும் வயிற்றை நிரப்புகின்றன, எடையையும் கூட்டுகின்றன. எலும்பும் தசையும் வளர வேண்டிய புரதமும், இரும்பும், சுண்ணாம்புச் சத்தும் அவற்றில் இல்லை.

தோட்டத்தில் அப்போது எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மலேரியாவும் கொக்கிப் புழுவும் தோட்டப் பிள்ளைகளின் இரத்தத்தை உறிஞ்சிய காலம் அது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. பிள்ளைகள் அங்கே எதைச் சாப்பிட்டார்கள் என்ற கவலை பள்ளிக்கு இருந்ததில்லை. பிரட்டுக்குப் போகும் தாய், விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். பெரிய பிள்ளைக்குக் கிடைத்தது டின் பால் கலந்த தேநீரும் ரொட்டியும். இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்பதை எதிர்த்து, டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிலேயே பேசினார். அந்த டின் நம் அடுப்படியை விட்டு இன்றும் இறங்கவில்லை.

ஆனாலும் லயத்து வீட்டின் பின்புறம் ஒன்று இருந்தது. முருங்கை மரம், கீரைப் பாத்தி, நாலு கோழி, வசதி உள்ளவர்களிடம் ஒரு மாடு அல்லது ஆடு. சம்பளம் குறைவாக இருந்த வாரத்திலும் முட்டையும் கீரையும் காசில்லாமல் சட்டிக்கு வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் முருங்கை நட முடியாது. ஆக, பட்டணத்துக்கு வந்த குடும்பம் கூலியில் உயர்ந்தது, ஆனால் அந்த இலவசச் சட்டியை இழந்தது. அந்த இடத்தை நிரப்பியது உடனடி மீ பொட்டலமும் பொரித்த சாசேஜும்தான்.

அந்த இழப்பை ஓரளவு ஈடு செய்யக்கூடிய ஒரு தட்டு இருக்கிறதென்றால் அது பள்ளியில் கிடைக்கும் தட்டுதான். மலேசியாவில் அது புதிதல்ல. ‘ரஞ்சாங்கான் மக்கானான் தம்பாஹான்’ எனப்படும் கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. பள்ளிப் பால் திட்டம் 1983இல் வந்தது. தொடக்கப்பள்ளியில் படிக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் ஒரு வேளை உணவு இலவசம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படுவதில்லை. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கான தொகை தீபகற்ப மலேசியாவில் 2 வெள்ளி 50 காசிலிருந்து 3 வெள்ளி 50 காசாக உயர்த்தப்பட்டது. சபா, சரவாக்கில் 3 வெள்ளி 4 வெள்ளியானது.

மூன்றரை வெள்ளியில் என்ன கொடுக்க முடியும்? சோறு அல்லது மீகூன், ஒரு முட்டை அல்லது சிறு துண்டு கோழி, கொஞ்சம் காய்கறி, ஒரு பழம். அதற்குள் கேஸ், சம்பளம், குத்தகைக்காரரின் இலாபம் எல்லாம் அடக்கம். விலைவாசி ஏறும்போது முதலில் மெலிவது காய்கறியும் பழமும்தான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்ற பேச்சு ஒரு முறை வந்தது. 2020 ஜனவரியிலிருந்து நாட்டின் 27 இலட்சம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் இலவசக் காலை உணவு என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டபோது, அந்தப் பணம் இதற்குப் பயன்படும் என்றும் சொல்லப்பட்டது. சர்க்கரைத் தண்ணீரில் வந்த காசு முட்டையாக மாறிப் பிள்ளையின் தட்டுக்கு வருவது நல்ல கணக்குத்தான். ஆனால் ஆண்டு பிறந்ததும் திட்டம் சுருங்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள உணவுத் திட்டத்தின் விரிவாக்கம் என்ற அளவில் நின்றது.

எல்லாருக்கும் என்பதற்கும் ஏழைகளுக்கு மட்டும் என்பதற்கும் உள்ள வேறுபாடு செலவில் மட்டும் இல்லை. ஏழைகளுக்கு மட்டும் என்றால் யார் ஏழை என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். பெயர் கூப்பிட்டு, தனி வரிசையில் நிறுத்தி, தனி மேசையில் உட்கார வைத்தால் நான்காம் ஆண்டுப் பிள்ளை தலை குனிந்துதான் சாப்பிடும். ஐந்தாம் ஆண்டில் ‘எனக்குப் பசிக்கல’ என்று சொல்லிவிடும். இதை அறிந்த தாயும் தந்தையும் வருமானப் பாரத்தையே நிரப்புவதில்லை. ‘நாம என்ன பிச்சையா எடுக்கிறோம்’ என்ற வீம்பு. வீம்புக்குக் காரணம் உண்டு, ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளை.

தமிழ்நாடு இதை வேறு விதமாகச் செய்தது. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளி தொடங்கும் முன்பே கிடைக்கிறது. அந்தப் பள்ளியில் படித்தால் போதும், வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. பின்லாந்து 1948இலிருந்து எல்லா மாணவருக்கும் இலவச உணவு கொடுக்கிறது. அந்த நாடு அப்போது பணக்கார நாடு அல்ல, போரில் நொந்த நாடு.

காலையில் கொடுத்தால் என்ன பலன் என்பதற்கு ஜமாய்க்காவில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. 1998இல் வெளியான அந்த ஆய்வில் 16 கிராமப்புறப் பள்ளிகளைச் சேர்ந்த 814 பிள்ளைகள் பங்கெடுத்தனர். ஒரு பாதிக்கு ஒரு பள்ளியாண்டு முழுதும் காலை உணவு. மறு பாதிக்கு ஓர் ஆரஞ்சுத் துண்டு. ஆண்டு முடிவில் காலை உணவு பெற்றவர்கள் பள்ளிக்கு வந்த நாட்கள் கூடியிருந்தன, உயரமும் எடையும் சற்றே கூடியிருந்தன, சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தனர். ‘சற்றே’ என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளி உணவு மந்திரம் அல்ல. குள்ளத்தன்மையின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் முடிவாகிவிடுகிறது. ஏழு வயதில் கொடுக்கும் முட்டை அதை முழுமையாகத் திருப்பித் தராது. மெலிவையும் இரத்தச் சோகையையும் வகுப்பில் வரும் சோர்வையும் அது மாற்றும்.

எஞ்சிய பிள்ளைகளை ஆள்வது சிற்றுண்டிச்சாலை. வீட்டில் இரண்டு வெள்ளியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளை அதில் நகெட்டும் சிவப்புச் சிரப் தண்ணீரும் வாங்குகிறது. குத்தகைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, விற்பதைத்தான் அவர் வைப்பார். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரத்துக்கென்றே ஒரு கம்பம் பேர் பெற்றிருக்கிறது. கடலையும் பயறும் நம்மவர் கையில் தலைமுறை தலைமுறையாகப் புரண்ட சரக்கு. அதே கொண்டைக்கடலையை எண்ணெயில் பொரிக்காமல் அவித்து, தேங்காய்ப்பூ தூவிச் சுண்டலாகப் பள்ளியில் விற்றால் ஒரு கிண்ணத்துக்கு நகெட்டை விடச் செலவு குறைவு, சத்து அதிகம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் குத்தகை ஒப்பந்தத்தின்போது கேட்டு வாங்க வேண்டிய காரியம் இது. ஆண்டுக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலையைப் பற்றிப் பேசுவதென்றால் விலையைப் பற்றித்தான் பேசுகிறோம், பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நடப்பது இன்னும் கவலைக்குரியது. இந்த உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக்கானது. உடல் மறுபடியும் வேகமெடுத்து வளர்வது அதற்குப் பிறகுதான். பெண் பிள்ளைகள் பத்து, பதினொரு வயதிலிருந்தும் பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்றிலிருந்தும் கிடுகிடுவென வளர்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதந்தோறும் இரும்புச் சத்து வெளியேறுகிறது. 2019 ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. அவர்களில் பலருக்கு அது திருமணத்துக்குப் பின் வந்த நோயல்ல, இடைநிலைப்பள்ளியில் தொடங்கியது. இந்த வயதில்தான் ‘குண்டாகிவிடுவேன்’ என்று சொல்லிப் பெண் பிள்ளை பசியாறுவதை நிறுத்துகிறாள். பையன் பதினொரு மணிக்கு மைலோ ஐஸோடு சமாளிக்கிறான்.

கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை ஆகியவற்றில் இரும்பு உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. ஒரு துண்டு கொய்யாவோ, சோற்றில் பிழிந்த எலுமிச்சையோ சேர்ந்தால் ஏற்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் வந்ததும் போய்விடும். நம் வீடுகளில் சோற்றுக்குப் பின் ஒரு கிளாஸ் தேத்தண்ணி என்பது சட்டம் மாதிரி. பருவமடைந்த பெண்ணுக்காவது அதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.

பிள்ளை சரியாக வளர்கிறதா என்று அறிய மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் பள்ளிக் குழு முதலாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு, படிவம் மூன்று மாணவர்களைச் சோதிக்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து ‘செகாக்’ உடற்தகுதிச் சோதனையில் ஆண்டுக்கு இரு முறை உயரமும் எடையும் குறிக்கப்படுகின்றன. அந்தத் தாள் புத்தகப்பையின் அடியில் நசுங்கிக் கிடக்கும். அதை எடுத்துப் போன ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஓர் ஆண்டில் ஐந்து சென்டிமீட்டர் கூட ஏறாத பத்து வயதுப் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்கில் காட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் தலைமையாசிரியரிடம் உணவுத் திட்டப் பாரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பள்ளியாண்டின் நடுவில் வேலை இழந்த பெற்றோரும் போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.