கீபோர்டு வாங்கறதுக்கு முன்னாடி கட்டையைத் தட்டிப் பாருங்க

கல்ச்சுரல்ஸ் நெருங்கும்போது ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் "மச்சான், சிந்தசைசர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்"னு ஆரம்பிப்பாங்க. கையில பத்துப் பதினைஞ்சாயிரம் இருக்கும். பாதி வீட்ல கொடுத்தது, பாதி டியூஷன் எடுத்துச் சேர்த்தது. அந்தப் பணத்தை ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும். அந்த ஒருத்தர் நீங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க.

முதல்ல பேர்க் குழப்பம். நம்ம ஊர்ல கட்டை வச்சது எல்லாமே "கீபோர்டு"தான். ஆனா கடையில இருக்கறது மூணு ஜாதி. ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் எல்லாத்தையும் திருகி ஒலியை நாமே செதுக்கறது சிந்தசைசர். பதிவு பண்ணின பியானோ, வயலின், தபேலா ஒலிகளோட, இடது கை கார்டுக்கு ஏத்த மாதிரி தாளமும் பேஸும் தானா ஓடறது அரேஞ்சர். மூணாவது மிடி கன்ட்ரோலர். அதுக்குச் சொந்தமா சத்தமே கிடையாது, லேப்டாப்ல இருக்கற சாஃப்ட்வேரை வாசிக்கற வெறும் கட்டைப் பலகை.

லைட் மியூசிக் மேடையில அடிக்கடி பார்க்கற ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10 சிந்தசைசர் வகை. ஒலி நல்லா இருக்கும். ஆனா அதுல ஸ்பீக்கர் கிடையாது. வீட்டுக்குக் கொண்டு வந்து ஆன் பண்ணினா மௌன விரதம்தான். ஹெட்போனோ ஆம்ப்ளிஃபயரோ தனியா வேணும். முதல் கீபோர்டுன்னா, ஸ்பீக்கரோட வர்ற அரேஞ்சரே போதும்னு நான் சொல்வேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கடையில நிக்கும்போது "600 டோன், 200 ரிதம் சார்"னு அடுக்குவாங்க. அதைக் காதுல வாங்காதீங்க. பியானோ டோனை வச்சு, ஒரே கட்டையை மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை தட்டுங்க. சத்தம் மாறுதா? மாறலைன்னா அந்த மாடலை விட்ருங்க.

இதுக்குப் பேர் டச் சென்சிடிவிட்டி. எவ்வளவு அழுத்தறோம்னு அது அளக்குதுன்னு நினைப்போம், ஆனா அது அளக்கறது வேகத்தை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர்ல ரெண்டு கார்பன் கான்டாக்ட் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒண்ணு முதல்ல தொடும், இன்னொண்ணு கொஞ்சம் கழிச்சுத் தொடும். நடுவுல எவ்வளவு நேரம் போச்சுன்னு பிராசஸர் அளந்து, 1-லேருந்து 127 வரைக்கும் ஒரு எண்ணா மாத்தும். அந்த எண்தான் சத்தத்தை முடிவு பண்ணுது. இது இல்லாத கீபோர்டுல ஆறு மாசம் பழகினா, விரல் எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி குத்தவே கத்துக்கும். அப்புறம் நல்ல கீபோர்டு கிடைச்சாலும் கை திருந்த நாளாகும்.

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கற மாடல்கள்லயே இந்த வித்தியாசம் ஒளிஞ்சிருக்கும். காசியோ சி.டி-எஸ்200-ல டச் சென்சிடிவிட்டி இல்லை, சி.டி-எஸ்300-ல இருக்கு. யமஹாவுல பி.எஸ்.ஆர்-இ273-ல இல்லை, இ373-ல இருக்கு. மிச்சம் பிடிக்கறோம்னு சின்னதை எடுத்துடாதீங்க.

அடுத்தது பிட்ச் பெண்ட் வீல். இடது ஓரத்துல இருக்கற சின்னச் சக்கரம். மேற்கத்திய பாப் வாசிக்கறவங்களுக்கு இது இருந்தா நல்லது. தமிழ்ப் பாட்டு வாசிக்கற நமக்கு அவசியம். நம்ம மெட்டுல பாதி உயிர் ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல வழுக்கற கமகத்துலதான் இருக்கு. கட்டையோ எட்டுப் படி ஏறி இறங்கற மாதிரி தனித்தனியா நிக்குது. புல்லாங்குழல் டோன் வச்சு, வலது கையில ஸ்வரம், இடது கையில சக்கரம்னு பழகுங்க, வித்தியாசம் உடனே தெரியும். (ஏ.ஆர்.ரகுமான் வாசிக்கற கான்டினுவம்ங்கற கருவியில கட்டையே கிடையாது, விரலை வழுக்கிட்டே போகலாம். அது நம்ம பட்ஜெட் இல்லை.) மேல சொன்ன சி.டி-எஸ்300-ல சக்கரம் இருக்கு, இ373-ல இல்லை. யமஹாதான் வேணும்னா இ473 வரைக்கும் போகணும். அதுல மேடை மிக்ஸருக்குத் தனி அவுட்புட்டும் உண்டு.

பாலிஃபனி 48 இருந்தா ஆரம்பத்துக்குப் போதும். பத்து விரலுக்கு எதுக்கு 48-ன்னு கேப்பீங்க. பெடலை மிதிச்சா பழைய ஸ்வரங்களும் ஒலிச்சிட்டே இருக்கும், பின்னாடி ஓடற டிரம்ஸும் பேஸும் அதுல பங்கு கேக்கும். கட்டை 61 போதும். பாடகர் "நாலரைக் கட்டை"ன்னு சொன்னா பயப்படாதீங்க. ஒரு கட்டைன்னா சி, நாலுன்னா எஃப், நாலரைன்னா எஃப் ஷார்ப். சி-யிலயே பழகின கைக்கு டிரான்ஸ்போஸ் பட்டன்ல ஆறு தட்டு மேல ஏத்தினா வேலை முடிஞ்சது.

"எங்கிட்ட லேப்டாப் இருக்கே, கன்ட்ரோலர் வாங்கினா என்ன?"ன்னு சிலர் கேக்கறாங்க. பாட்டு புரொடக்‌ஷன் பண்ணணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா பஃபர் 512 சாம்பிள், ரேட் 44,100-ன்னு வச்சா, அந்தப் பஃபர் மட்டுமே சுமார் 11.6 மில்லி செகண்ட் தாமதம். மத்த தாமதமும் சேர்ந்தா கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். பஃபரைக் குறைச்சா பழைய லேப்டாப் கரகரங்கும். வாசிக்கக் கத்துக்கறவங்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறீங்களா? கறுப்பு வெள்ளை 61 கட்டையையும் ஒண்ணு விடாம ஒரே வேகத்துல தட்டுங்க. ஒண்ணு மட்டும் அலறினாலோ ஊமையா இருந்தாலோ அந்த ரப்பர் கான்டாக்ட் தேஞ்சிருக்கு, இல்ல தூசி அடைச்சிருக்கு. சுத்தம் பண்ணலாம், மாத்தலாம், ஆனா அதைச் சொல்லி விலையைக் குறைங்க. அடாப்டரையும் கேட்டு வாங்குங்க. யமஹாவுக்குப் பொதுவா 12 வோல்ட், காசியோ புதுசுக்கு 9.5 வோல்ட். பழைய காசியோ சிலதுல பின்னோட நடு முனை நெகட்டிவ். பின் பொருந்துதேன்னு ரூம்மேட்டோட ரவுட்டர் அடாப்டரைச் சொருகறதுக்கு முன்னாடி, ரெண்டுலயும் அச்சடிச்சிருக்கற அந்தச் சின்ன வட்டப் படத்தை ஒப்பிட்டுப் பாருங்க.