விளம்பரப் படிப்பு: கடைக்கு ஆகுமா?

'மகன் விளம்பரம் படிக்கிறேன் என்கிறான், கடையை யார் பார்ப்பது?' என்று வணிக நண்பர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். கவலை நியாயமானதே. ஆனால் அந்தப் படிப்பு கடைக்கு அந்நியமானதல்ல.

புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965-லும், ஆமதாபாத்தில் 'மைக்கா' 1991-லும் தொடங்கப்பட்டன. படம் போடுவதும் வாசகம் எழுதுவதும் மட்டும் அங்கே பாடமல்ல. சரக்கு யாருக்கு, அவர் எதைப் பார்க்கிறார், ஆயிரம் பேரை எட்ட என்ன செலவு என்ற கணக்கும் முக்கியப் பாடம்.

4,000 ரூபாயில் 8,000 நோட்டீஸ் அடித்து வீடுகளுக்குக் கொடுத்தால் ஆயிரத்துக்கு 500 ரூபாய் என்று தோன்றும். அதில் பாதி, நம் கடைக்கு வரமுடியாத தொலைவிலுள்ள தெருக்களுக்குப் போயிருந்தால்? உண்மைச் செலவு ஆயிரத்துக்கு 1,000 ரூபாய். பருப்பு மூட்டையில் கழிவு பார்ப்பவருக்கு இது புரியாததா? (புத்தாண்டுக் காலண்டருக்கு இக்கணக்குப் போடுவோர் குறைவு.)

பணம் கட்டுமுன் கிடைப்பது பட்டமா, பட்டயமா, சான்றிதழ் மட்டும்தானா என்று விசாரியுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்றும், விளம்பர நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். சேர்ந்த பிறகு, விடுமுறையில் பிள்ளையைக் கல்லாவருகே உட்காரவைத்து, புதிதாக வரும் வாடிக்கையாளர் எதைப் பார்த்து வந்தார் என்று கேட்டு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.