சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை

"நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கம்மா" என்று சர்க்கரைப் பரிசோதனைக்குச் சொல்லி அனுப்பினால், பல கர்ப்பிணிகள் மறுநாள் வருவதில்லை. பஸ் பிடிக்க வேண்டும், ஒருநாள் கூலி போகும், வாயும் வயிறுமாக இருப்பவளைப் பட்டினியாக அனுப்ப வீட்டிலும் மனம் வராது. சென்னை மருத்துவர் வி.சேஷய்யாவும் அவரது குழுவினரும் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுத்துத்தான் தங்கள் முறையை வகுத்தார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். மசக்கையில் அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் இன்னொரு நாள்.

தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று அரசு ஆணை வந்தது 2007-ல். மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014-ல் வந்தது. முதல் வருகையிலேயே ஒருமுறை, அப்போது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை.

"எங்க வம்சத்துலயே சர்க்கரை கிடையாது, எதுக்கு?" என்று கேட்கும் மாமியார்கள் உண்டு. வம்சத்தில் இல்லாவிட்டாலும் வரலாம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. கர்ப்பம் வளர வளர அது கூடும். ஈடுகட்டும் அளவுக்குக் கணையம் சுரக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். பெரும்பாலும் அறிகுறி எதுவும் தெரியாது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, தாயின் இன்சுலினோ போவதில்லை. குழந்தையின் கணையமே கூடுதலாகச் சுரந்து சமாளிக்க, உடல் பெருக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலின் நிற்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான்.

இந்த முறைமீது விமர்சனமும் இருக்கிறது. 2010-ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்த முறையில் வெறும் வயிற்றில் 92 இருந்தாலே நோய்தான். அப்படி வெறும் வயிற்றில் மட்டும் கூடுதலாக இருப்பவர்கள் நம் முறையில் தப்பிவிடக்கூடும். குறை உண்மைதான். ஆனால் மூன்று முறை ரத்தம் எடுக்கும் துல்லியத்தால், வராமலே போனவளுக்கு என்ன பயன்? என் ஓட்டு சேஷய்யா குழுவினருக்கே.

நோய் என்று தெரிந்தால் பதறத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையும் போதும். (வளைகாப்பில் ஏழு வகைச் சோறு பரிமாறும் உறவினர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.) 2 வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 120-க்குள் வராவிட்டால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தருவார்கள்.

கோட்டைவிடுவது அதன் பிறகுதான். பிரசவம் முடிந்ததும் சர்க்கரை பொதுவாக இறங்கிவிடும். ஆனால் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இந்தப் பெண்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் 6-வது வாரம் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். அப்போது அவள் தாய்வீட்டில் இருப்பாள், பழைய சீட்டு புகுந்த வீட்டில் இருக்கும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே வாரம்தான். அதை யாரும் மறப்பதில்லை. ஊசிக்குப் போகும் அன்றைக்கே, "எனக்கும் சர்க்கரை பார்க்கணும் சிஸ்டர்" என்று கேட்டுவிடலாம்.