ரெய்டில் அகப்பட்ட ரெய்டு

ரெய்டு என்ற சொல்லைக் கேட்டதும், வருமான வரி அதிகாரிகள் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டும் காட்சிதான் நம்மில் பலருக்கும் மனத்தில் எழும். கம்ப்யூட்டர் சாஸ்திரத்திலும் ஒரு ரெய்டு உண்டு. அதற்கும் இதற்கும் உறவு ஒன்றுமில்லை. ஒலி ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆனால் முதல் ரெய்டுக்குச் சென்ற அதிகாரிகளின் கையில், இரண்டாவது ரெய்டைத் தன்னுள் வைத்திருக்கும் மடிக்கணினி ஒன்று அகப்பட்டுவிட்டால், அப்போது பிறக்கும் சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. பக்குவம் தெரியாதவர் கைபட்டால், உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஊமையாகிவிடும். சில சமயம் பொய்ச் சாட்சியாகவும் மாறிவிடும். குற்றவாளி தப்பித்துக்கொள்வது ஒரு புறமிருக்க, குற்றமற்றவன் மாட்டிக்கொள்வதும் நேரலாம் அல்லவா? ஆகையால் இது நிபுணர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் என்று நாம் ஒதுங்கி இருப்பதற்கில்லை.

இரண்டு சுவடிகள்

1988-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கிளையைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கை வாங்குவதற்குப் பதிலாக, மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றை ஒன்றாகப் பூட்டி வேலை வாங்கலாம் என்பது அவர்களுடைய வாதம். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து உண்டானதுதான் ‘ரெய்டு’.

ஏட்டுச் சுவடியை உதாரணமாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு பெரிய காவியத்தை அண்ணனும் தம்பியும் படி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏட்டை அண்ணன் எழுதுகிறான். இரண்டாவது ஏட்டைத் தம்பி எழுதுகிறான். மூன்றாவது மறுபடியும் அண்ணன். இவ்விதம் எழுதினால் பாதி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். இதற்கு ரெய்டு 0 என்று பெயர். வேகம் அபாரம், ஆனால் இருவர் சுவடியில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டால், மற்றதை வைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்து படிக்க முடியாது. பாதுகாப்பு பூஜ்யம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இருவரும் காவியம் முழுவதையும் தனித்தனியே எழுதினால், அது ரெய்டு 1. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுவடிகளில் எழுதி, ஒன்று தொலைந்தாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு அதை மீட்டுக்கொள்ளும்படி செய்வது ரெய்டு 5. மடிக்கணினியில் பெரும்பாலும் இரண்டு டிஸ்க்குகளுக்குத்தான் இடம் இருக்கும். ஆகவே அங்கே 0, 1 ஆகிய இரண்டையுமே அதிகமாகக் காணலாம். 2010-ஆம் ஆண்டில் சோனி கம்பெனி வெளியிட்ட வயோ இஸட் மடிக்கணினிகளில், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுச் சேமிப்பான்களை ரெய்டு 0 முறையில் இணைத்திருந்தார்கள்.

தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் பலகை

எஸ்.எஸ்.டி.க்கு உயிராக உள்ளது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது அது. பழைய ஹார்டு டிஸ்க்குக்கும் இதற்கும் உள்ள பேதம், தடயம் தேடுகிறவர்களுக்கு மிகவும் முக்கியமானது.

ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், பொருளடக்கத்தில் அதன் பெயரை அடித்துவிடுகிறார்களே தவிர, உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். வேறு எதையாவது அதன்மேல் எழுதும் வரையில் பழைய எழுத்தை மீட்டுவிடலாம். எத்தனையோ வழக்குகள் இப்படி மீட்ட எழுத்தைக் கொண்டே தீர்ந்திருக்கின்றன.

எஸ்.எஸ்.டி.யோ பள்ளிக்கூடப் பிள்ளையின் பலகையைப் போன்றது. எழுதிய இடத்தின்மேல் மறுபடி எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும். அதிலும் ஒரு வரியை மட்டும் துடைக்க முடியாது. பல பக்கங்கள் அடங்கிய ஒரு பெரிய கட்டத்தையே ஒருசேரத் துடைக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கிறது. ஆகவே, “இன்ன இன்ன பக்கங்கள் இனி வேண்டாம்” என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. இந்தத் தாக்கீதுக்கு ‘டிரிம்’ என்று பெயர். 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு இது சாதாரண வழக்கமாயிற்று. எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருக்கும் சிறு மூளை, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வேண்டாத கட்டங்களைத் துடைத்துச் சுத்தமாக வைக்கிறது. யஜமானர் தூங்கும்போது வீடு பெருக்கும் வேலைக்காரனைப் போல!

வேலைக்காரனுடைய சுறுசுறுப்பு வீட்டுக்கு நல்லதுதான், துப்பறிகிறவருக்கு அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள மர்டாக் சர்வகலாசாலையில் கிரேம் பெல், ரிச்சர்டு போடிங்டன் என்னும் இருவர் இதைப் பரீட்சை செய்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விரைவு முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட ஓர் எஸ்.எஸ்.டி., சில நிமிஷங்களுக்குள் தன்னிடமிருந்த பழைய விவரங்களைத் தானே துடைக்கத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து அதற்குத் தனிக் கட்டளை எதுவும் போகவில்லை. தடயவியலார் வழக்கமாக நடுவில் பொருத்தும் ‘ரைட் பிளாக்கர்’ என்னும் தடுப்புக் கருவியும் பிரயோஜனப்படவில்லை. அந்தக் கருவி வெளியிலிருந்து எழுத வருகிறவனைத்தான் தடுக்கும். உள்ளேயே இருக்கும் வேலைக்காரனை அது என்ன செய்யும்?

இதிலிருந்து நியாயத்தைப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. ஒருவருடைய எஸ்.எஸ்.டி.யில் பழைய விவரங்கள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தால், “இவர் வேண்டுமென்றே சாட்சியத்தை அழித்தார்” என்று சொல்லிவிடலாமா? அவர் ஒரு கோப்பை அழித்தது உண்மையாயிருக்கலாம். ஆனால் அடியோடு துடைத்தது யந்திரத்தின் இயல்பாக இருக்கலாம். இந்தப் பேதம் தெரியாத ஒரு நிபுணரின் ஒரு வாக்கியம், ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும்.

பிம்பம் எடுப்பது எப்படி?

கைப்பற்றிய கணினியை அப்படியே திறந்து தேடுவது கூடாது. முதலில் அதன் சேமிப்பான் முழுவதையும், காலியான இடங்கள் உட்பட, ஒரு புள்ளி விடாமல் பிரதி எடுக்க வேண்டும். இந்தப் பிரதிக்குப் பிம்பம் என்று பெயர். ஆராய்ச்சியெல்லாம் பிம்பத்தின் மேல்தான் நடக்க வேண்டும்.

மடிக்கணினி அணைந்திருந்தால், அதைப் போட்டுப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் பாய்ந்த உடனே வேலைக்காரன் துடைப்பத்தை எடுத்துவிடுவான். போட்டிருந்தால், அவசரப்பட்டு அணைக்கவும் கூடாது. இப்போதைய கணினிகளில் பெரும்பாலானவை விவரங்களைப் பூட்டியே வைக்கின்றன. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு விழுந்துவிட்டால், 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி கிடைக்காத வரையில் பிம்பம் வெறும் கிறுக்கலாகவே இருக்கும். ஆகவே திறந்த நிலையில் அகப்பட்டதைத் திறந்த நிலையிலேயே பிரதி எடுப்பதுதான் விவேகம்.

அடுத்தபடியாக, உள்ளே எத்தனை எஸ்.எஸ்.டி. இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று மூடிவிட்டால், அண்ணன் சுவடியை எடுத்துக்கொண்டு தம்பி சுவடியை விட்டு வந்த கதைதான். எந்தத் துளையில் எது இருந்தது, அதன் வரிசை எண் என்ன என்பதைப் படம் பிடித்துக் குறித்துக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். சில மடிக்கணினிகளில் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அங்கே, பென் டிரைவில் உள்ள தனியான லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பித்தான் பிம்பம் எடுக்க முடியும்.

ரெய்டு 1 விஷயத்தில் இன்னும் ஓர் அபாயம் உண்டு. ஒரு டிஸ்க்கைக் கழற்றி, கணினியை ஒற்றை டிஸ்க்கோடு ஓடவிட்டு, பிறகு கழற்றியதைத் திரும்ப மாட்டினால், இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கும் முயற்சியில் யந்திரம் ஒன்றின்மேல் மற்றொன்றை எழுதிவிடும். எது பழையது, எது புதியது என்ற தடயமே போய்விடும்.

ஏடுகளைக் கோத்தல்

இரண்டு பிம்பங்களும் கைக்கு வந்தபின் அவற்றை ஒன்றாகக் கோக்க வேண்டும். அதற்கு மூன்று விவரங்கள் தெரிய வேண்டும்: எது முதல் டிஸ்க், ஒரு துண்டின் அளவு எவ்வளவு, எந்த இடத்திலிருந்து ஆரம்பம் என்பவை. இன்டெல் கம்பெனியின் ரெய்டு ஏற்பாட்டில், இந்தக் குறிப்புக்கள் ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசிப் பகுதியிலும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு சிதைந்திருந்தால், பக்க எண் இல்லாத ஏடுகளைப் பொருளைக்கொண்டு வரிசைப்படுத்தும் பதிப்பாசிரியரின் வேலையைத் தடயவியலார் செய்ய வேண்டியதுதான்.

இங்கே புதியவர்கள் ஏமாறுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. தவறான வரிசையில் கோத்தாலும், சிறிய கடிதம் ஒன்று ஒழுங்காகத் திறந்துகொள்ளலாம். துண்டின் அளவு 128 கிலோபைட் என்றால், 20 கிலோபைட் கடிதம் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடக்கூடும். அது வரிசையைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆனால் 4 மெகாபைட் புகைப்படம் ஏறக்குறைய 32 துண்டுகளாக இரு டிஸ்க்குகளிலும் மாறி மாறிக் கிடக்கும். அது முகம் சிதையாமல் முழுமையாகத் தெரிந்தால்தான் கோத்தது சரி.

கோர்ட்டின் முன்னிலையில்

பிம்பம் எடுத்த கணத்திலேயே, அதன் எழுத்துக்கள் அனைத்தையும் கணக்கிட்டு ‘ஹாஷ்’ என்னும் ஒரு முத்திரை எண்ணை உண்டாக்குகிறார்கள். பிம்பத்தில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். ரெய்டாக இருந்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு முத்திரை, கோத்து முடித்த முழுமைக்கும் ஒரு முத்திரை என்று குறித்துவைப்பது நலம். நமது தேசத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி கொடுக்க வேண்டிய சான்றிதழிலும் இந்த முத்திரை எண்ணுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அச்சான்றிதழில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும்.

“மூல டிஸ்க்தான் போலீஸாரின் அலமாரியில் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொண்டால் போகிறது” என்று சொல்வாரும் உண்டு. சர்வதேசத் தர விதி ஒன்றைக் கேளுங்கள்: சாதாரண உபயோகத்துக்கான எஸ்.எஸ்.டி. ஒன்று, தனக்கு விதித்த அளவு முழுவதும் எழுதித் தீர்ந்த நிலையில், மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் 1 வருஷம் ஞாபகம் வைத்திருந்தால் போதுமானது. வெப்பம் ஏற ஏற இந்தக் காலமும் குறையும். நம் ஊர் வெயிலையும், வழக்குகள் நடக்கும் வேகத்தையும் நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்! முத்திரையிட்ட பிம்பம் இல்லாவிட்டால், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் சாட்சி எல்லாவற்றையும் மறந்திருக்கக்கூடும்.

நம் குடும்பங்களும் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு உண்டு. வீட்டு மடிக்கணினி ரெய்டு 0 முறையில் அமைந்ததா என்று விசாரித்து அறியுங்கள். அப்படியானால் குழந்தைகளின் படங்களுக்கும் கணக்குகளுக்கும் வேறோரிடத்தில் பிரதி இருக்கட்டும். வழக்குக்குரிய விவரம் ஏதேனும் கணினியில் இருந்தால், தெரிந்த பையனைக் கூப்பிட்டு நோண்டச் சொல்லாமல், தக்க நிபுணரிடம் ஒப்படையுங்கள். எஸ்.எஸ்.டி.யை ஆளும் சிறு மூளைக்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது. இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அது துடைத்து முடிப்பதற்குள் உண்மையைப் பிரதி எடுத்துக்கொள்வது மனிதர்களுடைய பொறுப்பு.