திரை பேசும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எழுத வாசிக்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார் என்று நினைக்கிறோம். ஆனால், கைத்தொலைபேசித் திரையின் முன் அந்த அறிவு மட்டும் போதாது. பேச்சு நம்மை எவ்வாறு இணங்க வைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் ஆராய்ந்தார். பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் நியாயம் ஆகிய மூன்றுமே அதற்கு வழிகள் என்றார்.

அன்றைய ஏதென்ஸ் நகரச் சபையில் பேசுபவர் மக்கள் முன் நின்றார். மறுத்துப் பேசவும் ஆட்கள் இருந்தனர். இன்று வட்ஸ்அப்பில் பல கை மாறி வரும் குரல்பதிவில், பேசுபவர் யாரென்றே தெரிவதில்லை. நியாயமும் பெரும்பாலும் இருப்பதில்லை. பயமும் கோபமும் மட்டுமே எஞ்சுகின்றன. அதனால்தான், கேட்டு முடிக்கும் முன்பே விரல் அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறது.

இதன் விளைவை நம் நாடு அறியும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் பரவாதிருக்க அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. ஆனால், தடை நீங்கியதும் திரை மீண்டும் திறந்துகொண்டது. ஆகவே, நிலையான காவல் நம்மிடமே இருக்க வேண்டும்.

உணர்ச்சி கொள்வது தவறன்று. அது தனியே வரும்போதுதான் ஆபத்து. எனவே எதையும் பகிருமுன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்போம்: இதைச் சொல்பவர் யார்? ஆதாரம் என்ன? என் மனதில் எதைத் தூண்டப் பார்க்கிறார்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை விரல் பொறுத்திருக்கட்டும்.